நிற்கத் தெரிந்த இயந்திரம்

1981 ஜூலை 4. ஜப்பானின் அகாஷி நகரில் உள்ள கவாசாகி ஹெவி இண்டஸ்ட்ரீஸ் ஆலை. கெஞ்சி உராடா என்ற 37 வயதுத் தொழிலாளி, கோளாறு செய்த ரோபோ ஒன்றைப் பார்க்க அதன் வேலிக்குள் போனார். வேலிக்குக் கதவு இருந்தது. கதவைத் திறந்தால் ரோபோவுக்குப் போகும் மின்சாரம் தானாகத் துண்டிக்கப்படும் ஏற்பாடும் இருந்தது. அவர் கதவைத் திறக்கவில்லை. வேலியைத் தாண்டிக் குதித்தார் என்று அப்போதைய செய்திகள் சொல்கின்றன. உள்ளே இருக்கும்போது ரோபோ உயிர்பெற்றது. அதன் கை அவரைப் பின்னாலிருந்து தள்ளி, பற்சக்கரம் தேய்க்கும் இயந்திரத்தோடு வைத்து நசுக்கியது.

பாதுகாப்புப் பயிற்சி வகுப்புகளில் இதை விதியை மீறியவருக்கு நேர்ந்த கதியாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் திருப்தி இல்லை. கதவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, வேலை தெரிந்த ஒருவர் எதற்காக வேலி தாண்ட வேண்டும்? அவர் மனதில் என்ன ஓடியது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஆலைத் தளத்தில் ஒரு ஷிஃப்டாவது நின்றவர்களுக்கு ஊகிப்பது கஷ்டமில்லை. கதவைத் திறந்தால் லைன் நிற்கும். நின்ற லைனைத் திரும்ப ஓட்ட நேரம் பிடிக்கும். அதற்குள் சூப்பர்வைசர் வந்து, யார் நிறுத்தியது என்று கேட்பார்.

தானியங்கி ஆலைகளில் பாதுகாப்புக்கும் உற்பத்தித் திறனுக்கும் என்ன உறவு என்ற கேள்விக்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பதில்கள் எழுதப்பட்டு வருகின்றன. பெரும்பாலும் இரண்டே கட்சிகள். பாதுகாப்புக்குச் செலவழித்தால் உற்பத்தி குறையும் என்பது ஒன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று துணை, முரண்பாடே இல்லை என்பது மற்றொன்று. முதலாவது தளத்தில் சொல்லப்படுவது, இரண்டாவது மேடையில் சொல்லப்படுவது. இரண்டுமே விபத்து நடக்கும் இடத்தைக் கிட்டப் போய்ப் பார்க்காதவை.

அந்த இடம் எது? உராடாவுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1979 ஜனவரி 25 அன்று, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளாட் ராக்கில் இருந்த ஃபோர்டு வார்ப்பாலையில் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற 25 வயது இளைஞர் இறந்தார். அடுக்குகளிலிருந்து உதிரிபாகங்களை எடுத்துத் தரும் இயந்திரம் இருப்புக் கணக்கைத் தப்பாகக் காட்டியதால், கையாலேயே எடுத்துவர அவரை ஏறச் சொன்னார்கள். பின்னாலிருந்து வந்த இயந்திரக் கை அவரைத் தாக்கியது. அரை மணி நேரம் யாரும் கவனிக்கவில்லை; இயந்திரம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. 2015-ல் ஜெர்மனியின் பவுனாட்டாலில் ஃபோக்ஸ்வாகன் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் ரோபோவைப் பொருத்தி அமைக்கும்போது இறந்தார். 2016-ல் அமெரிக்காவின் அலபாமாவில் ஒரு கார் உதிரிபாக ஆலையில், சென்சார் கோளாறைச் சரிசெய்ய உள்ளே போன இளம்பெண் ரோபோ திடீரென்று ஓடத் தொடங்கியதில் இறந்தார். 2023-ல் தென்கொரியாவில் காய்கறிப் பெட்டிகளை அடுக்கும் ரோபோவின் சென்சாரைச் சோதித்துக்கொண்டிருந்தவருக்கும் அதுவே நேர்ந்தது.

நாடு வேறு, காலம் வேறு, இயந்திரம் வேறு. ஆனால் இவர்களில் ஒருவர்கூட இயந்திரம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தபோது அதன் வழக்கமான உற்பத்தி வேலையில் இறக்கவில்லை. ஒன்று, அது கோளாறு செய்திருந்தது. அல்லது அதைச் சரிப்படுத்திக்கொண்டிருந்தார்கள். வேலிக்குள் ரோபோ தன்பாட்டுக்கு வேலை செய்யும்போது அதைப் போலப் பாதுகாப்பான பொருள் ஆலையில் வேறில்லை. நிற்கும்போதுதான் ஆபத்து. காரணம், நின்றிருக்கும் ரோபோ அணைந்துபோன ரோபோ அல்ல. ஏதோ ஒரு சிக்னலுக்காகக் காத்திருக்கும் ரோபோ. அந்தச் சிக்னலைத் தடுத்துக்கொண்டிருக்கும் தூசியைத் துடைக்கத்தான் மனிதர் உள்ளே போகிறார். துடைத்ததும் சிக்னல் போய்ச் சேர்கிறது.

நாற்பது விநாடிக் கணக்கு

இதே நிறுத்தங்கள்தான் உற்பத்தித் திறனையும் தின்கின்றன. ஜப்பானின் செய்இச்சி நகாஜிமா வகுத்த ஓ.இ.இ. என்ற அளவீட்டை இன்று நம் ஊர் ஆலைகளிலும் நோட்டீஸ் போர்டில் பார்க்கலாம். இயந்திரம் எவ்வளவு நேரம் ஓடியது, எவ்வளவு வேகத்தில் ஓடியது, எவ்வளவு நல்ல பொருள் தந்தது ஆகிய மூன்று விகிதங்களையும் பெருக்கினால் வருவது. 90, 95, 99 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் பெருக்குத்தொகை 85 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு; அதுவே உலகத்தரம் என்று சொல்லப்படுகிறது. நகாஜிமா அடுக்கிய ஆறு பெரிய இழப்புகளில் ஒன்று, சிறு நிறுத்தம். பாகம் சிக்கிக்கொள்வது, சென்சாரில் எண்ணெய் படிவது, தட்டு கோணலாக வந்து உட்காருவது. ஐந்து நிமிஷத்துக்குள் சரியாகிவிடுவதால் பிரேக்டவுன் ரிஜிஸ்டரில் ஏறாது.

ஒரு லைனில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நாற்பது விநாடி நிறுத்தம் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேர ஷிஃப்டில் 48 நிறுத்தம், 32 நிமிஷ இழப்பு, அதாவது 6.7 சதவீதம். மேலாளர் கவலைப்படும் எண் இது. இன்னொரு எண்ணும் இதே கணக்கில் இருக்கிறது. ஒரு ஷிஃப்டுக்கு 48 முறை என்றால், மூன்று ஷிஃப்டுக்கு 144 முறை ஒரு கை இயந்திரத்துக்குள் போகிறது. ஆண்டுக்கு 300 வேலை நாள் என்றால் 43,200 முறை. எவ்வளவு நிதானமான ஆளாக இருந்தாலும் இத்தனை முறையில் ஒருமுறை தவறுவதற்குச் சோம்பலோ அலட்சியமோ தேவையில்லை. ஓடும் கிரைண்டரில் ஒட்டிய மாவைக் கையால் தள்ளிவிடாத வீடு எது?

ஆக, சிக்கலைக் குறைத்தால் உற்பத்தியும் கூடும், கையும் தப்பும். பாதுகாப்பும் திறனும் ஒரே திசையில் போகும் இடம் இதுதான். ஆனால் இதைச் செய்ய வேண்டியவர் பாதுகாப்பு அதிகாரி அல்லர். உற்பத்திப் பொறியாளர், டூல் ரூம் ஆட்கள், பாகங்களை அனுப்பும் வென்டர். நம் ஆலைகளில் பாதுகாப்பு என்றால் தனி அறை, தனி ஆள், ஹெல்மெட், ஷூ, வருஷத்துக்கு ஒரு வாரக் கொண்டாட்டம் என்றாகிவிட்டது. சிக்கும் தட்டைச் சரிசெய்வது அந்த அறையின் வேலையாக எண்ணப்படுவதே இல்லை.

ஒரு பவர் பிரஸ்

ரோபோ மரணங்கள் உலகச் செய்தியாகின்றன. விரல்கள் போவது செய்தியாவதில்லை. இந்தியாவின் வாகன உதிரிபாகத் தொழிலில் கைகளைத் தின்பது ரோபோ அல்ல, பவர் பிரஸ். குர்காவ்ன், மானேசர் பகுதியில் காயம்பட்ட தொழிலாளர்களிடையே வேலை செய்யும் ‘சேஃப் இன் இந்தியா’ அமைப்பு 2019 முதல் வெளியிட்டு வரும் ‘க்ரஷ்டு’ அறிக்கைகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. நம் பக்கம் அம்பத்தூரிலும் ஓசூரிலும் குறிச்சி சிட்கோவிலும் இருப்பவை அதே வகை இயந்திரங்கள்தான். அதனால் இதைச் சற்று அருகில் நின்று பார்ப்போம்.

ஐம்பது டன் சி-ஃபிரேம் பிரஸ். மேலே கனமான ஃபிளைவீல் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆபரேட்டர் தகட்டைக் கீழ் டையில் வைக்கிறார், பெடலை மிதிக்கிறார், மேல் டையைத் தாங்கிய ராம் இறங்கி அடித்து ஏறுகிறது, அடிபட்ட பாகத்தை எடுத்துப் போடுகிறார், அடுத்த தகட்டை வைக்கிறார். கை உள்ளே, கால் மிதி, கை வெளியே. ஒரு ஷிஃப்டில் சில ஆயிரம் முறை. கைக்கும் காலுக்கும் தாளம் ஒருமுறை தப்பினால் போதும்.

‘சென்சார் போடுங்கள்’ என்று சொல்லிவிடுவது எளிது. அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிரஸ் வைத்திருக்கும் பலருக்கே இது சரியாகச் சொல்லப்படுவதில்லை. பழைய கீ கிளட்ச் பிரஸ்ஸில் கிளட்ச் ஒருமுறை பிடித்துக்கொண்டால் ஒரு முழுச் சுற்று முடியும்வரை விடாது. நடுவழியில் நிறுத்த வழியே இல்லை. அந்த இயந்திரத்தின் முன்னால் எவ்வளவு விலையுயர்ந்த லைட் கர்ட்டன் மாட்டினாலும், ஒளிக்கற்றையைக் கை மறித்தது என்று அது சொல்லும், அவ்வளவுதான். ராம் இறங்கியே தீரும். லைட் கர்ட்டன் வேலை செய்ய வேண்டுமென்றால் எந்த நிலையிலும் விடுபடும் காற்றழுத்தக் கிளட்சும் பிரேக்கும் வேண்டும். கிளட்சை மாற்றாமல் சென்சார் மட்டும் மாட்டுவது ஆடிட்டருக்காகச் செய்யும் அலங்காரம். மாட்டாமல் இருப்பதைவிட மோசம் என்றே சொல்வேன். ஆபரேட்டர் அதை நம்பத் தொடங்கிவிடுவார்.

சரி, காற்றழுத்தக் கிளட்ச் இருக்கிறது. அப்போதும் லைட் கர்ட்டனை எவ்வளவு தள்ளி வைப்பது என்ற கணக்கு உண்டு. மனிதக் கை விநாடிக்கு 2,000 மில்லிமீட்டர் வேகத்தில் பாயும் என்று ஐ.எஸ்.ஓ. 13855 தரநிலை கொள்கிறது. கற்றை மறைந்ததிலிருந்து ராம் முழுதாக நிற்க 200 மில்லி விநாடி ஆகுமென்றால், விரலைக் கண்டுபிடிக்கும் நுண்மையுள்ள கர்ட்டனே ஆனாலும், டையிலிருந்து 400 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பொருத்திய அன்று இது சரியாக இருந்திருக்கும். ஈராண்டு கழித்து பிரேக் லைனிங் தேய்கிறது. நிற்கும் நேரம் 250 மில்லி விநாடி ஆகிறது. இப்போது தேவை 500 மில்லிமீட்டர். கர்ட்டன் பழைய இடத்திலேயே பச்சை விளக்கோடு நிற்கிறது. கையை நுழைத்துச் சோதித்தால் பிரஸ் நிற்கத்தான் செய்யும். ஆனால் நூறு மில்லிமீட்டர் தாமதமாக நிற்கும். ஒரு விரலின் நீளம் அதைவிடக் குறைவு. நிற்கும் நேரத்தை அளக்கும் கருவி கொண்டு அளந்தாலொழிய இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

இரு கைப் பட்டனும் இப்படித்தான். தரநிலைப்படி இரண்டு பட்டனையும் அரை விநாடிக்குள் சேர்த்து அழுத்த வேண்டும், ராம் மூடும்வரை அழுத்தியபடி இருக்க வேண்டும், அடுத்த அடிக்கு முன் இரண்டையும் விட்டுத் திரும்ப அழுத்த வேண்டும். இதைக் கண்காணிக்க அதற்கென்றே ஒரு ரிலே உண்டு. அதை மிச்சப்படுத்தி இரண்டு பட்டனையும் வரிசையாக ஒயரால் இணைத்துவிட்டால், ஒன்றில் மரக்குச்சியைச் செருகியோ டேப் ஒட்டியோ மற்றொன்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டே ஓட்டலாம். செருகியவரைத் திட்டுவார்கள். செருக முடிகிற மாதிரி பேனல் செய்து கொடுத்தவரை யாரும் கேட்பதில்லை. தவிர, இரு கைப் பட்டன் அதை அழுத்துபவரை மட்டுமே காக்கும். எதிர்ப்பக்கம் நின்று தகடு பிடிக்கும் ஹெல்பரின் கை அதன் கணக்கில் வராது.

இவை எல்லாவற்றையும்விட நல்ல வழி, கை டைக்குள் போகவே அவசியம் இல்லாமல் செய்வது. காயிலை நேரே ஊட்டும் ஃபீடர், பல வேலைகளை ஒரே டையில் அடுத்தடுத்து முடிக்கும் புரோகிரசிவ் டை, தட்டைச் சறுக்கிவிடும் ஸ்லைடு. வேகமும் பல மடங்கு கூடும். இங்கே பாதுகாப்பும் திறனும் கைகோத்துப் போகின்றன. ஆனால் ஒரு லட்சம் பீஸ் ஆர்டர் இருந்தால்தான் புரோகிரசிவ் டைக்குப் போட்ட காசு திரும்பும். ஐந்நூறு, ஆயிரம் பீஸ் என்று வாங்கிச் செய்யும் சிறு பட்டறைக்கு அந்தக் கணக்கு கட்டாது. இரண்டுக்கும் முரண்பாடே இல்லை என்று மேடையில் பேசுபவர்கள் இந்தப் பட்டறையை மறந்துவிடுகிறார்கள்.

தறியும் கயிறும்

இயந்திரம் தானாக நிற்பதை உற்பத்தி இழப்பாக அல்லாமல் உற்பத்தி முறையாகவே பார்த்தவர் ஜப்பானின் சாகிச்சி டொயோடா. 1924-ல் அவர் முழுமையாக்கிய ஜி வகைத் தானியங்கித் தறி, பாவு நூலோ ஊடை நூலோ அறுந்தால் தானே நின்றுவிடும். நிற்பதால் நெய்தது கெடாது என்பது ஒரு லாபம். பெரிய லாபம் வேறு: நூல் அறுகிறதா என்று தறியை யாரும் வெறித்துக்கொண்டு நிற்க வேண்டாம் என்பதால், ஒருவரே முப்பதுக்கும் மேற்பட்ட தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. 1929-ல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் ஒரு லட்சம் பவுனுக்கு இதன் காப்புரிமையை வாங்க ஒப்பந்தம் செய்தது. டொயோட்டா கார் தொழிலின் ஆரம்ப முதல் அதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள்.

தறியின் அதே எண்ணம் கார் லைனுக்கு வந்தபோது ஆண்டன் கயிறானது. கயிற்றை இழுத்த மாத்திரத்தில் லைன் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. முதலில் விளக்கு எரியும், இசை ஒலிக்கும், டீம் லீடர் வருவார். கார் அந்தப் பகுதியின் கடைசிக் கோட்டைத் தொடுவதற்குள் கோளாறு தீர்ந்தால் லைன் நிற்காமலே ஓடும். தீராவிட்டால்தான் நிற்கும், அதுவும் எல்லோரும் தத்தம் வேலையை முடித்த நிலையில். நிறுத்தும் உரிமையைத் தொழிலாளியிடம் கொடுத்து, நிறுத்தத்தின் விலையைக் குறைத்த ஏற்பாடு இது.

கலிபோர்னியாவின் ஃபிரீமான்ட் நகரில் நிறுத்தத்தை எப்படிக் கையாள்வது என்ற கேள்விக்கு ஒரே ஆலைக் கட்டடம் மூன்று விடைகளைப் பார்த்திருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் நடத்தியபோது லைனை நிறுத்துவது பெருங்குற்றம்; 1982-ல் ஆலை மூடப்பட்டது. 1984-ல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து நும்மி என்ற பெயரில் பெரும்பாலும் அதே பழைய தொழிலாளர்களை வைத்துத் திறந்தார்கள். கயிறு வந்தது, அமெரிக்காவிலேயே தரத்தில் முன்னணி ஆலைகளில் ஒன்றானது. 2010-ல் நும்மி மூடியபின் டெஸ்லா வாங்கியது. மாடல் 3 காரை ஏறக்குறைய ஆளில்லாமல் செய்துவிடலாம் என்று ரோபோக்களைக் குவித்தது. உற்பத்தி திணறியது. 2018 ஏப்ரலில் ஈலோன் மஸ்க், அளவுக்கு மீறித் தானியங்கி ஆக்கியது தவறு, தன் தவறு என்று ட்விட்டரில் ஒப்புக்கொண்டார். பேட்டரி மேல் கண்ணாடி நாரால் ஆன மெத்தையைப் பரப்பத் திண்டாடிய ரோபோவைச் சரிசெய்யப் படாதபாடு பட்டு, கடைசியில் அந்த மெத்தை எதற்கு என்று விசாரித்தால், சத்தத்தைக் குறைக்க என்று பேட்டரி குழுவும், தீயைத் தடுக்க என்று சத்தக் குழுவும் கைகாட்டினவாம். சோதித்துப் பார்த்துவிட்டு மெத்தையையே நீக்கிவிட்டார்கள். தேவையற்ற வேலையை ரோபோவுக்குக் கற்றுக்கொடுப்பதில் வீணாவது பணம் மட்டுமல்ல. ஒவ்வொரு கூடுதல் ரோபோவும் சிக்கிக்கொள்ளக்கூடிய இன்னொரு இடம், யாரோ உள்ளே போக வேண்டிய இன்னொரு காரணம்.

எப்படி நிற்கிறது, எப்படித் திரும்ப ஓடுகிறது

நிறுத்தத்தின் தொழில்நுட்பம் கடந்த முப்பது ஆண்டுகளில் வெகுவாக மாறியிருக்கிறது. பழைய ஏற்பாட்டில் கதவைத் திறந்தால் வேலிக்குள் இருக்கும் செல் முழுவதற்கும் மின்சாரம் துண்டிக்கப்படும். ரோபோ தான் இருந்த இடத்தை மறக்கும், பாதியில் நின்ற வெல்டிங் கழிவாகும், எல்லா அச்சுகளையும் தொடக்க நிலைக்குக் கொண்டுபோய்த் திரும்பத் தொடங்கக் கால் மணி நேரம் போய்விடும். நாற்பது விநாடி வேலைக்குக் கால் மணி நேர அபராதம். இப்படி ஒரு கதவைச் செய்துவைத்துவிட்டு, அதை ஏன் திறக்கவில்லை என்று தொழிலாளியைக் கேட்பதில் அர்த்தமில்லை.

இப்போதைய மோட்டார் டிரைவ்களில் இன்னொரு வகை நிறுத்தம் சாத்தியம். மோட்டாருக்கு மின்சாரம் இருக்கும், இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். தனியாக ஒரு பாதுகாப்புச் சுற்று அதைக் கண்காணிக்கும். அனுமதித்த அளவுக்கு மேல் இம்மி அசைந்தாலும் சக்தி துண்டிக்கப்படும். கதவை மூடி ரீசெட் செய்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும். செல்லைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஆள் நிற்கும் பகுதியில் மட்டும் நிறுத்தி மற்றதை ஓடவிடவும் முடியும். இதற்காகவே வந்தவை ஐ.இ.சி. 61508, ஐ.எஸ்.ஓ. 13849 முதலிய தரநிலைகள்: ஒரு ஒயர் அறுந்தாலும், ஒரு ரிலே ஒட்டிக்கொண்டாலும் இரண்டாவது பாதை காக்க வேண்டும், முதல் பாதை கெட்டது உடனே தெரியவும் வேண்டும். என் பார்வையில் இந்தத் துறையில் உற்பத்தித் திறனுக்கும் உயிருக்கும் ஒருசேரப் பயன்பட்ட பெரிய மாற்றம் இதுதான். அதிகம் பேசப்படும் கூட்டு ரோபோக்கள் அல்ல.

திரும்ப ஓட்டுவது அதைவிடக் கவனம் வேண்டுவது. ரீசெட் பட்டன் வேலிக்கு வெளியே, உள்ளே முழுவதும் தெரியும் இடத்தில், உள்ளிருந்து எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். உள்ளே போகிறவர் கதவின் சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு போனால்தான் பூட்டு திறக்கும், அந்தச் சாவி திரும்பி வந்தால்தான் இயந்திரம் ஓடும் என்ற ஏற்பாடு மிகப் பழையது, மலிவானது, இன்றும் நிகரில்லாதது. பெரிய பழுதுக்கு ஒவ்வொருவரும் மெயின் சுவிட்சில் தன் சொந்தப் பூட்டைப் போடும் லாக்கவுட் முறை உண்டு. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 1989-ல் இதை விதியாக்கியது. ஒழுங்காகப் பின்பற்றினால் ஆண்டுக்கு 120 உயிர்களும் 50,000 காயங்களும் தவிரும் என்பது அதன் மதிப்பீடு. ஆனால் நாற்பது விநாடிச் சிக்கலுக்கு ஷிஃப்டுக்கு 48 முறை யாரும் பூட்டுப் போட்டுத் திறக்க மாட்டார்கள். உற்பத்தியோடு பிணைந்த, அடிக்கடி வரும் சிறு வேலைகளுக்கு அதே அளவு காக்கும் வேறு வழி இருந்தால் விலக்கு என்று அந்த விதியே சொல்கிறது. நம் ஆலைகள் பலவற்றில் விலக்கு மட்டும் நடைமுறையில் இருக்கிறது, வேறு வழி இல்லை.

ஜெர்மனியின் தொழில் விபத்துக் காப்பீட்டு அமைப்பு 2006-ல் வெளியிட்ட ஆய்வு, உலோகத் தொழிலில் பாதுகாப்பு ஏற்பாடுகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்டவை அவ்வப்போதோ நிரந்தரமாகவோ பைபாஸ் செய்யப்பட்டிருப்பதைக் கண்டது. ஒழுங்குக்குப் பேர்போன நாட்டில் இந்த நிலை. பைபாஸ் செய்வது தொழிலாளியின் குணக்கோளாறு அல்ல, வடிவமைப்பின் குறை என்ற முடிவுக்கு அந்த ஆய்வும் பின்வந்தவையும் வந்தன. செட்டிங் பார்க்கும்போது உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது. கதவு திறந்தபடி மெதுவாக ஓட்ட இயந்திரத்தில் வழி இல்லை. எனவே சுவிட்சை ஏமாற்றுகிறார்கள். ரோபோவுக்கு அந்த வழி உண்டு: டீச் பென்டன்ட் என்ற கைக்கருவியைப் பிடித்தபடி விநாடிக்கு 250 மில்லிமீட்டருக்கு மேல் போகாத வேகம், விரலின் பிடி தளர்ந்தாலும் இறுகினாலும் நின்றுவிடும் சுவிட்ச். மற்ற இயந்திரங்களில் பல அதைக் கொண்டிருப்பதில்லை.

வேலி இல்லாமல் மனிதர் பக்கத்தில் வேலை செய்யும் கூட்டு ரோபோக்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2008 முதல் சந்தையில் இருக்கின்றன. மோதினால் உடலின் எந்தப் பகுதி எவ்வளவு விசையைத் தாங்கும் என்று 29 இடங்களுக்கு அட்டவணை தந்தது 2016-ல் வந்த ஐ.எஸ்.ஓ. ஆவணம், இப்போது அது 2025-ன் திருத்தப்பட்ட ரோபோ தரநிலைக்குள் சேர்ந்துவிட்டது. ரோபோ மென்மையாக மோதும் என்பது உண்மை. அதன் கையில் கூரான தகடு இருந்தால் அந்த மென்மைக்குப் பொருளில்லை என்பதும் உண்மை. மெதுவாக ஓடினால்தான் பாதுகாப்பு என்பதால் சைக்கிள் டைம் இழுக்கிறது. வேகம் கூட்டக் கடைசியில் வேலி போடுகிறார்கள். வேலி போட்ட கூட்டு ரோபோ, விலை கூடிய சாதாரண ரோபோதான்.

1983-ல் லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற ஆங்கிலேய உளவியலாளர் எழுதிய சிறிய கட்டுரை ஒன்று இன்றும் இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. வடிவமைப்பாளர் தானியங்கி ஆக்கத் தெரியாமல் விட்ட வேலைகளே மனிதருக்கு மிஞ்சுகின்றன. அவை கடினமானவை, அபூர்வமாக வருபவை. வழக்கமான வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டதால் அவற்றுக்கான பழக்கம் மனிதருக்குப் போய்விடுகிறது. நம் நிலைமை அதைவிட ஒரு படி மேல். அந்தக் கடினமான, அபூர்வமான வேலையைச் செய்யப் போகிறவர் பெரும்பாலும் சில மாதங்களே இருக்கும் கான்ட்ராக்ட் பையன் அல்லது பயிற்சியாளர். முன்னால் இருக்கும் திரையில் பிழைச் செய்தி அவர் படித்திராத மொழியில் வருகிறது.

சட்டமும் ஆர்டரும்

உலகில் 2024-ல் நிறுவப்பட்ட தொழில்துறை ரோபோக்கள் சுமார் 5,42,000. இந்தியாவில் சுமார் 9,100. சிறிய எண், ஆனால் வேகமாக வளர்கிறது. சட்டமோ அண்மை வரை வார்ப்பட்டைக் காலத்ததாகவே இருந்தது. 1948-ன் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவு நகரும் பாகங்களுக்கு வேலி போடச் சொன்னது. ஓடும் இயந்திரத்தைத் தொட வேண்டியிருந்தால் பயிற்சி பெற்ற வயதுவந்த ஆண் தொழிலாளி, இறுக்கமான உடையணிந்து, பெயரைப் பதிவேட்டில் எழுதிவிட்டுத் தொட வேண்டும் என்றது 22-ஆம் பிரிவு. ஓடுவது, நிற்பது என்ற இரண்டே நிலைகளை அறிந்த சட்டம் அது. காத்திருக்கும் இயந்திரம் அதற்குத் தெரியாது. அதற்குப் பதிலாக 2020-ன் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்துவிட்டது. இயந்திரத்தை நிறுத்துவது, திரும்ப ஓட்டுவது பற்றிய நுணுக்கங்களைத் தரநிலைகளும் விதிகளும்தான் சொல்ல வேண்டும். இயந்திரப் பாதுகாப்புக்கு என்று ஒன்றிய அரசு 2024-ல் கொண்டுவந்த ஆணையின் அமலாக்க நாளும் தள்ளிவைக்கப்பட்டது.

கணக்கும் நம்பும்படி இல்லை. 2017 முதல் 2020 வரை பதிவுபெற்ற தொழிற்சாலைகளில் ஆண்டுக்குச் சராசரியாக 1,100 பேருக்கு மேல், அதாவது நாளொன்றுக்கு மூன்று பேர், இறந்ததாக ஒன்றிய அரசின் தொழிற்சாலை ஆலோசனை இயக்ககத் தரவு சொல்கிறது. காயமடைந்தவர்கள் ஆண்டுக்கு நாலாயிரத்துச் சொச்சம். ஒரு மரணத்துக்கு நான்கே காயமா? இறப்பை மறைப்பது கடினம், விரல் போனதை மறைப்பது சுலபம் என்பதைத் தவிர இந்த விகிதத்துக்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

ஆய்வாளர்களைக் கூட்டுவது, அபராதத்தைக் கூட்டுவது எல்லாம் வேண்டியவைதான். ஆனால் சிறு பட்டறையின் இயந்திரத்தை உண்மையில் மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பார்த்தால், அது ஆய்வாளரிடம் இல்லை. பாகங்களை வாங்கும் பெரிய கார் நிறுவனத்திடம் இருக்கிறது. ஒரு பாகத்தின் விட்டம் இருபது மைக்ரான் பிசகினால் ஆளனுப்பி டையைப் பார்க்கும் நிறுவனம், அந்தப் பாகத்தை அடித்த பிரஸ் எத்தனை மில்லி விநாடியில் நிற்கிறது என்று கேட்பதில்லை. கேட்டால் அடுத்த மாதமே அளக்கப்படும். கீ கிளட்ச் பிரஸ்களை மாற்ற வென்டருக்கு முன்பணமோ, சில பைசா கூடுதல் விலையோ கொடுக்க அவர்களால் முடியும். அந்தச் செலவு ஒரு காரின் விலையில் தெரியக்கூடத் தெரியாது. பட்டறைக்காரர் தானாகச் செய்தால் அடுத்த பட்டறையிடம் ஆர்டர் போய்விடும்.

எனவே வாங்கும் நிறுவனங்களின் தர ஆடிட் படிவத்தில் இரண்டு வரிகள் சேர்க்கப்பட வேண்டும்: ஒவ்வொரு பிரஸ்ஸின் நிற்கும் நேரம், கடைசியாக அளந்த தேதியோடு; ஒவ்வொரு செல்லிலும் கதவைத் திறந்து மூடியபின் திரும்ப ஓட ஆகும் நேரம். கொள்முதல் துறையில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த வென்டர் ஆடிட்டிலேயே இந்த இரண்டையும் கேட்டுப் பாருங்கள்.